சத்துமாவு விலையில் அம்மாவின் கூலி எங்கே?

இரவு பத்தே முக்கால் மணி. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. காலை டிபனுக்கு இட்லி மாவு கரைத்து வைத்தாயிற்று. மகனின் டைரியில் கையெழுத்தும் போட்டாயிற்று. வீடு அடங்கிய பிறகு, சமையல் மேடையில் சாய்ந்தபடி போனை எடுக்கிறார் அந்த அம்மா. வாட்ஸ்அப்பில் 23 செய்திகள் காத்திருக்கின்றன.

"சத்துமாவு அரைக்கிலோ என்ன விலைங்க?"

"ஏனுங்க அக்கா, போன வாரம் போட்ட பார்சல் இன்னும் வரலீங்களே?"

"ரெண்டு கிலோ வாங்குனா கொஞ்சம் கொறச்சுக்குவீங்ளா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டு, முகவரிகளை நோட்டில் எழுதி, நாளைய ஸ்டேட்டஸுக்கு ஒரு போட்டோவும் எடுத்து முடிக்கும்போது மணி பதினொன்றரை. உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. "இன்னும் போனுல என்ன நோண்டிட்டு இருக்கே?"

சரவணம்பட்டி அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, பொள்ளாச்சியில் ஓட்டு வீட்டிலோ, ஈரோட்டில் மாமனார் மாமியாரோடு வாழும் கூட்டுக் குடும்பத்திலோ, இப்படி ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்காது. சத்துமாவுக்குப் பதில் கொள்ளுப் பருப்புப் பொடியாக இருக்கலாம். ஒப்புட்டாக இருக்கலாம். சோப்பாகவோ, சேலைக்குக் குஞ்சம் கட்டுவதாகவோ, ஆரி வேலையாகவோ இருக்கலாம். பொருள்தான் மாறும். நோட்டில் எழுதும் கணக்கு எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது, அம்மாவின் கூலி.

கிரைண்டர் கொடுத்த நேரம்

அம்மாக்களின் நேரம் பற்றிப் பேச கோவையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஆட்டுக்கல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கை வலிக்க ஆட்டிய மாவை மின்சாரத்தில் ஆட்ட வைத்த ஊர் இது. 1955-ல் பி.சபாபதி என்பவர் கோவையில் முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்று சொல்வார்கள். இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. அப்படியும் வேலை தீர்ந்தபாடில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல் ஒரு விஷயத்தைச் சொன்னது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்ட நேரம், சராசரியாக 299 நிமிடங்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டுகளில் அம்மாவுக்குக் குறைந்தது பத்து நிமிடம். அப்பாவுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் பாக்கி. குழந்தைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஆக, 'சைடு பிசினஸ்' செய்யும் ஓர் அம்மா அதற்கான நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான்.

பால் காசும் சிறுவாடும்

கொங்கு நாட்டுக்கு இந்தப் பக்கத் தொழில் புதிதல்ல. தோட்டத்து வீடுகளில் எருமை கட்டிப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியது பெண்கள்தான். கட்டுத்தரையில் நாலு ஆடு, புழக்கடையில் பத்துக் கோழி. பால் காசும் முட்டைக் காசும் வீட்டுக்காரம்மாவின் கையில் சேரும். அதில் கொஞ்சம் அரிசிப் பானைக்குள்ளோ, மஞ்சள் டப்பாவுக்குள்ளோ போகும். அதற்குப் பெயர் சிறுவாடு. பேத்திக்குத் தோடு வாங்கியதும், மகனின் கல்லூரிக் கட்டணத்தில் துண்டு விழுந்தபோது ஈடுகட்டியதும் எத்தனையோ வீடுகளில் அந்தக் காசுதான்.

சிறுவாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு குறையும் உண்டு. அது யார் கணக்கிலும் வராது. எத்தனை மணி நேர உழைப்புக்கு அந்தக் காசு என்று யாரும் கேட்டதில்லை, சேர்த்தவரும் கேட்டுக்கொண்டதில்லை. 'சும்மா இருக்கற நேரத்துல நாலு காசு' என்பதுதான் அதற்கு வீட்டில் கிடைத்த மதிப்பு.

அந்த மனக்கணக்கு அப்படியே இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது. வாடிக்கையாளர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார், கொரியர் நாடு முழுக்கப் போகிறது, பணம் ஜிபேயில் வருகிறது. விலை போடும் முறை மட்டும் சிறுவாட்டுக் காலத்து முறை.

ஒரு நோட்டுக் கணக்கு

நம் அம்மாவின் சத்துமாவையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

ராகி, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் பாதாம், ஏலக்காய் என்று 10 கிலோ தானியம் வாங்க 1,400 ரூபாய். மில்லில் அரைக்க 150. கேஸ் 120. கவரும் ஸ்டிக்கரும் 180. மொத்தம் 1,850 ரூபாய். கல், தூசி, வறுக்கும்போது குறையும் எடை, சல்லடையில் நிற்கும் திப்பி எல்லாம் போக 9 கிலோ மாவு தேறுகிறது. அதாவது 18 அரைக்கிலோ பாக்கெட்.

ஒரு பாக்கெட் 140 ரூபாய், கொரியர் தனி. பதினெட்டும் விற்றால் 2,520 ரூபாய். ஆனால் பதினெட்டும் காசாகாது. ஒன்று தெரிந்தவருக்குச் சாம்பிளாகப் போகும். ஒன்று கொரியரில் கிழிந்து, மறுபடி இலவசமாக அனுப்ப வேண்டியிருக்கும். பாக்கி 16 பாக்கெட்டுக்கு 2,240 ரூபாய். செலவு 1,850 போக, கையில் நிற்பது 390.

"பரவால்ல, 390 ரூபா லாபம்" என்று நோட்டை மூடிவிடலாம். மூடுவதற்கு முன் இன்னொரு கணக்கு இருக்கிறது. தானியம் கழுவி மொட்டை மாடியில் உலர்த்தி, காக்கா வராமல் பார்த்து எடுத்து வர இரண்டு மணி நேரம். ஒவ்வொன்றாகப் பதம் பார்த்து வறுக்க மூன்று மணி. மில்லுக்குப் போய்க் காத்திருந்து வர ஒன்றரை. ஆற வைத்துச் சலித்து, எடை போட்டு, பாக்கெட் ஒட்ட இரண்டரை. செய்திகளுக்குப் பதில், முகவரி எழுதுவது, கொரியர் ஆபீஸ் நடை எல்லாம் சேர்த்து மூன்று. மொத்தம் 12 மணி நேரம்.

390-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு 32 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேரத்துக்கு 260 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26 நிதியாண்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலியே 336 ரூபாய்.

வேறு மாதிரிச் சொன்னால், அந்த அம்மா தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தன் சொந்தக் காசில் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தள்ளுபடி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்பதுதான் வேதனை.

கூலியை முதலில் எழுதுங்கள்

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 ரூபாய் என்று தனக்குத் தானே ஒரு கூலி வைத்துக்கொள்கிறார். 12 மணி நேரத்துக்கு 720 ரூபாய். பொருள் செலவு 1,850-உடன் சேர்த்தால் 2,570. நிச்சயம் காசாகும் 16 பாக்கெட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 160 ரூபாய் சொச்சம். அடுத்த மாதம் தானிய விலை ஏறினால் தாங்கவும், பெரிய வாணலி ஒன்று வாங்கவும் 15 சதவிகிதம் கூட்டினால், 185 ரூபாய்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கூலி வேறு, லாபம் வேறு. கூலி என்பது கை செய்த வேலைக்கு. லாபம் என்பது தொழில் வளர்வதற்கு. நாளைக்கு உடம்புக்கு முடியாமல் போய், அக்கம்பக்கத்தில் ஒருவரை உதவிக்கு வைத்தால் அவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். விலையில் அது இல்லையென்றால் அன்றைக்குத் தொழில் நின்றுவிடும். அம்மா சும்மா உழைக்கும்வரைதான் ஓடும் என்றால், அந்தத் தொழிலுக்கு அம்மாதான் மூலதனம், அம்மாதான் மானியம்.

ரீல்ஸில் வராத நடுப்பகுதி

"கிச்சனில் ஆரம்பித்து கோடிகளில் வியாபாரம்" என்று முப்பது விநாடியில் ஓடி முடியும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தொழிலில் இறங்குபவர்கள் நிறைய. கொங்கு மண்ணில் அப்படி உண்மையாகவே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் தொடக்கமும் முடிவும் மட்டுமே இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் நடுவில்தான்.

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த கிருத்திகா குமரன், தன் வீட்டுக்காக ஆட்டுப்பாலில் சோப்பு செய்யத் தொடங்கியவர். 2017-ல் 'வில்வா' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். சருமப் பராமரிப்புப் பொருட்களை எப்படிக் கலக்க வேண்டும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று முறையாகப் படித்தும் தெரிந்துகொண்டார். கோவையில் மேகா ஆஷர், பிரிதேஷ் ஆஷர் தம்பதி 2014-ல் 5,000 ரூபாய் முதலோடு வீட்டுச் சமையலறையில் தொடங்கியது 'ஜூசி கெமிஸ்ட்ரி'. ஆர்கானிக் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் 'எக்கோசர்ட்' சான்றிதழ் வாங்கினார்கள். 2021-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்லின்வெஸ்ட் முதலீட்டு நிறுவனம் அதில் 63 லட்சம் டாலர் முதலீடு செய்தது.

இரண்டு கதைகளிலும் நடுவில் இருப்பவை என்ன? படிப்பு, சான்றிதழ், கூட்டு உழைப்பு. ஜூசி கெமிஸ்ட்ரியில் கணவரும் மனைவியும் சேர்ந்தே நிறுவனர்கள். இரவு பதினொன்றரைக்கு ஒருவர் மட்டும் விழித்திருந்து தொழிலை இவ்வளவு தூரம் இழுக்க முடியாது. வளர வளர ஆட்களை வேலைக்கு வைத்தாக வேண்டும். ஆட்களை வைத்த எந்தத் தொழிலும் கூலியைச் சேர்க்காமல் விலை போட முடியாது. தனி ஆளாகச் செய்யும் அம்மாவும் முதல் நாளிலிருந்தே அப்படி விலை போட்டுவிட்டால், வளரும்போது திடீரென்று விலையை ஏற்றி வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

சோப்புத் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். காஸ்டிக் சோடா சேர்த்துக் 'கோல்டு பிராசஸ்' முறையில் செய்த சோப்பை நாலு வாரமாவது ஆற வைக்க வேண்டும். அந்த நாலு வாரமும் போட்ட முதல் முடங்கித்தான் கிடக்கும். விற்பதற்காகச் செய்யும் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். அதற்கு உரிமம் வேண்டும். 'ஹோம்மேட்' என்று ஒட்டிவிட்டால் விதி விட்டுவிடாது.

விலை ஏறினால் ஆள் போய்விடுவார்களே?

போவார்கள். சிலர் நிச்சயம் போவார்கள். "கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதுங்களே" என்று கேட்பார்கள். அது உண்மையும்கூட. டன் கணக்கில் அரைக்கும் பெரிய கம்பெனியோடு விலையில் போட்டி போட்டு எந்த அடுப்படியும் ஜெயித்ததில்லை. போன வாரம் வறுத்து அரைத்தது, குழந்தைக்கு ஆகாத வேர்க்கடலையை எடுத்துவிட்டுச் செய்தது, எவ்வளவு நாள் கெடாது என்று கேட்டால் செய்தவரே பதில் சொல்வது என்று வீட்டுத் தயாரிப்பின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதற்காக வருகிறவர்கள்தான் நிலைத்த வாடிக்கையாளர்கள்.

இன்னொரு வழி, விலையை ஏற்றுவதோடு மணி நேரத்தைக் குறைப்பது. ஆர்டர் வர வர அரைக்காமல் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அரைப்பது. ஒன்பது வகை வைத்திருந்தால் நன்றாகப் போகும் மூன்றோடு நிறுத்திக்கொள்வது. விலை, எடை, கொரியர் கட்டணம், அனுப்பும் நாள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் வராது. பணம் வந்த பிறகே பார்சல் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டுக் கட்டுவது அதைவிட நல்லது. இரவு ஒன்பதுக்கு மேல் பதில் கிடையாது என்று முகப்பிலேயே எழுதி வைக்கலாம். கடைக்கு ஷட்டர் உண்டு, போனுக்கும் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் கூலி சேர்த்த விலைக்கு அந்தப் பொருள் போகவில்லை என்றால்? அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். அந்தப் பொருளைச் சொந்தக்காரர்களுக்குப் பிரியமாகச் செய்து கொடுக்கலாம், தொழிலாகச் செய்ய வேண்டாம் என்று அர்த்தம். மூன்று வருடம் தூக்கத்தைக் கொடுத்துத் தெரிந்துகொள்வதைவிட, மூன்று மாதத்தில் நோட்டில் தெரிந்துகொள்வது மேல்.

யார் பெயரில்?

தொழில் அம்மாவுடையது. ஜிபே நம்பர் அப்பாவுடையது. இது நிறைய வீடுகளில் உள்ள ஏற்பாடு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, வசதிக்காகச் செய்ததுதான். ஆனால் பணம் அவர் கணக்கில் விழுந்து, வீட்டுக் கடன் தவணையோடு கலந்துவிட்டால், தொழில் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. நாளைக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனால் காட்டுவதற்கு அம்மாவிடம் ஒரு வரவும் இருக்காது.

அதனால் முதல் வேலை, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதற்கு ஒரு க்யூஆர் கோடு. இரண்டாவது, உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு என்று 2011 விதிமுறைகள் வகுத்தன. கிடைக்கும் 14 இலக்க எண்ணையும், சேர்த்த பொருட்கள், எடை, தயாரித்த தேதி, எவ்வளவு நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரங்களையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். மூன்றாவது, உத்யம் பதிவு. ஆதார் இருந்தால் அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. 'நான் செஞ்சு தரேன், ரெண்டாயிரம் கொடுங்க' என்பவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம், வங்கிக் கடனோடு 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தது. இப்போது என்ன விதி நடப்பில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். கோவையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வசதி, மருதமலை ரோட்டுப் பக்கம் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகம். சிறுதானியம், மசாலாப் பொடி, ஊறுகாய் என்று மதிப்புக்கூட்டும் பயிற்சிகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கும் நடத்துகிறார்கள்.

அம்மாவின் உழைப்புக்குக் கணக்கு உண்டு என்று சொல்ல நாடே மெல்லத் தொடங்கியிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை. 'மகளிர் உரிமைத் தொகை' என்றுதான் வைத்தது. நீதிமன்றமும் அரசும் ஒப்புக்கொண்டதை, அம்மா தன் நோட்டில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

மறுபடியும் அந்த அடுப்படி

நம் அம்மா புது விலையை ஸ்டேட்டஸில் வைக்கிறார். அரைக்கிலோ 185 ரூபாய். இரண்டு பேர் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. ஒருவர் "அநியாய விலைங்க" என்கிறார். நெஞ்சு கொஞ்சம் படபடக்கத்தான் செய்கிறது. பொழுதோட, வழக்கமாக வாங்கும் ஓர் அக்காவிடமிருந்து செய்தி. "ரெண்டு பாக்கெட் போடுங்க. போன தடவை மாதிரியே இருக்கட்டும்."

மாதக் கடைசியில் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைக் கூட்டுகிறார். தானியம், மில், கேஸ், கவர். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: கூலி, 720 ரூபாய்.

"அது யாருக்கு, கண்ணு?"

"நமக்குத்தானுங்க அத்தை. மூணு மணி நேரம் வறுத்தது நீங்க. அந்த 180 உங்குளுது."

வறுப்பது மாமியாரின் கைப்பக்குவம். ராகி எப்போது வெடிக்கும், கம்பு எப்போது வாசம் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அதற்கு ஒரு மணிக்கணக்கும் ஒரு கூலியும் உண்டு என்று எழுபது வயதில்தான் முதல்முறையாகக் கேட்கிறார்.

"எனக்கெதுக்கு கண்ணு காசு" என்று இழுத்தவர், வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறார். பிறகு எழுந்து போய் மஞ்சள் டப்பாவைத் திறக்கிறார்.